செவிக்கும் ஒரு தேர்வு வேண்டும்

மொழி முதலில் ஒலியாகப் பிறக்கிறது. பின்னரே எழுத்தாக வடிவம் பெறுகிறது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்து, ஒலிகள் உடலுறுப்புகளின் முயற்சியால் தோன்றும் முறையை விளக்கினார். எழுத்து என்னும் சொல்லே அவரிடத்து வரிவடிவத்தை மட்டுமன்றி ஒலிவடிவத்தையும் குறித்து நின்றது. இவ்வுண்மையைத் தமிழைப் பொறுத்தவரை நாம் மறந்திலோம். நம் பிள்ளைகள் கற்கும் இரண்டாவது மொழியாகிய ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அறவே மறந்துவிட்டோம். மேல்நிலை வகுப்பு மாணவர்தம் ஆங்கிலத் திறனை அளக்கும் நம் பொதுத்தேர்வு கண்ணை அளக்கிறது, கையை அளக்கிறது, நினைவாற்றலை மிகுதியும் அளக்கிறது. செவியை அது பொருட்படுத்துவதே இல்லை. இக்குறையால் பெரிதும் வருந்துவோர் நாட்டுப்புற ஏழை மாணவரே என்பதையும், கேட்டல் திறனுக்கும் உண்மையான வாசித்தல் திறனுக்கும் பொதுத்தேர்வில் இடமளிப்பதே அவர்களுக்குச் செய்யும் நீதி என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத் தேர்வைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடை நமக்கு நார்த்தாமலையில் கிடைத்தது.

கல்லும் செவியும்

புதுக்கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியை ஒட்டி அமைந்துள்ள ஊர் நார்த்தாமலை. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை முதலாகப் பல குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பர். சோழர் காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்னும் பெயருடன் வணிகர் வாழும் நகரமாக விளங்கியது. மேலமலையின் மேல் விசயாலய சோழீச்சுரமும், அதன் எதிரே குன்றைக் குடைந்து அமைத்த பழியிலி ஈச்சுரமும், பன்னிரு திருமால் வடிவங்கள் நிற்கும் சமணர்குடகு என்னும் குடைவரையும் உள்ளன. பழியிலி ஈச்சுரத்தைச் சாத்தன் பழியிலி என்பான் குடைவித்த செய்தியை நிருபதுங்கவர்மனின் 7 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

கல்வெட்டுப் படிக்கும் பயிற்சியின் பொருட்டு நம் துறை மாணவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். பழங்கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர் ஒன்றை அறிவர். அவற்றில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் கூட்டிக்கொண்டே செல்லும் மாணவர் பாதி வரியில் திகைத்து நின்றுவிடுவர். "வாய்விட்டுப் படியுங்கள்" என்று சொன்னவுடன் நிலைமை மாறுகிறது. ஒருவர் உரக்கப் படிக்க, அருகில் நிற்கும் மற்றொருவர், "அது அப்படியன்று, இப்படிப் பிரிக்க வேண்டும்" என்கிறார். புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதைக் கல் சொல்லவில்லை; செவி சொல்லிவிடுகிறது. பிறந்த நாள்முதல் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ் ஓசை உள்ளே இருப்பதால்தான் ஓராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்தும் அம்மாணவருக்கு வாய்திறந்து பேசுகிறது. வாசித்தல் கண்ணின் தொழில் மட்டுமன்று. செவி முன்னே சென்று வழிகாட்ட, கண் பின்னே தொடர்வதே வாசித்தல் என்பதை அன்று மீண்டும் உணர்ந்தோம்.

எழுதினால் தெரிகிறது

மலையேறும்போது அவ்வூர்ப் பகுதியைச் சார்ந்த மேல்நிலை வகுப்பு மாணவர் சிலர் நம்முடன் சேர்ந்துகொண்டனர். கல்லுடைக்கும் தொழிலும் மானாவாரி வேளாண்மையும் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெறுவதாக அவருள் இருவர் நாணத்துடன் கூறினர். அவ்வேளையில் கோயிலைக் காண வந்த வடநாட்டுப் பயணி ஒருவர் அப்பிள்ளைகளை நெருங்கி, மேலே செல்ல எவ்வளவு நேரம் ஆகும், குடிநீர் கிடைக்குமா என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டார். வெளிநாட்டாரின் உச்சரிப்பும் அன்று. நாம் நாள்தோறும் கேட்கும் இந்திய ஆங்கிலமே. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர் மீண்டும் கேட்டார்; பயனில்லை. பின்னர் அவரே தம் குறிப்பேட்டில் அக்கேள்வியை எழுதிக் காட்டினார். கண்ட அளவில் மாணவருள் ஒருவர் விரலை உயர்த்தி நேரத்தைக் காட்டினார். தண்ணீர் இல்லை என்பதைக் கையசைத்து உணர்த்தினார். பின்னர் நம்மிடம் திரும்பி, "எழுதினால் தெரிகிறது ஐயா, பேசினால் ஓடிவிடுகிறது" என்றார்.

அம்மாணவரின் சொற்கள் நம் ஆங்கிலக் கல்வியின் நிலையை முழுவதும் படம்பிடித்துக் காட்டுகின்றன. கல்வெட்டின் முன் நின்ற நம் மாணவருக்குச் செவி இருந்தது. அது கண்ணுக்கு உதவிற்று. ஆங்கிலத்தின் முன் நின்ற அப்பிள்ளைகளுக்குக் கண் மட்டுமே இருந்தது. செவி அதற்கு உதவவில்லை. அறிவிலோ உழைப்பிலோ அவர்கள் குறைந்தவர் அல்லர். அவர்களுடைய செவிக்கு யாரும் பாடம் நடத்தவில்லை என்பதே உண்மை.

இதன் விளைவைக் காண வேண்டுமாயின் எந்தக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பையும் சென்று காணலாம். தமிழ்வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் அறிவியல் வகுப்பிலோ வணிகவியல் வகுப்பிலோ அமர்ந்திருப்பார். ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவார். கரும்பலகையில் எழுதுவது விளங்கும். வாயால் சொல்லுவது விளங்காது. எழுந்து கேட்க நாணம். நாளடைவில் தமக்கு இப்படிப்பு ஒவ்வாது என்று அவர் தாமே முடிவுகட்டிக்கொள்வார். முதற்பருவம் முடியுமுன்னரே விடுப்பு மிகுந்து, படிப்பை விட்டு நீங்கியோரையும் நாம் அறிவோம். அவருள் எத்தனையோ பேர் தமிழில் கேட்டால் தெளிவாக விடையிறுக்கும் ஆற்றல் உடையவர்கள். இழப்பு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பெற்றோர் கல்லுடைத்துச் சேர்த்த பொருளுக்கும், நாட்டின் நாளைய அறிவுச் செல்வத்துக்கும் உரியது.

நம் மரபு கேட்டலின் மரபு

கேட்டல் திறனைக் கற்பிக்க வேண்டும் என்பது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுதல் தவறு. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரமும் கல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தபின், அடுத்து வைத்தது கேள்வி அதிகாரத்தையே. நூலைக் கற்கும் வாய்ப்பு இல்லாதவனும் கேட்டறிதல் வேண்டும் என்பதும், தளர்ச்சி வந்தபோது அக்கேள்வி ஊன்றுகோல் போலத் துணைநிற்கும் என்பதும் அவர் கருத்து. எழுதக் கற்றவர் சிலராகவும் கேட்டுக் கற்றவர் பலராகவும் வாழ்ந்த சமுதாயத்தில் தோன்றிய அறிவு அது.

இசுலாமிய மரபிலும் இதனைக் காணலாம். திருமறையின் முதல் அருளிச்செயல் ஓதும்படி இடப்பட்ட கட்டளையோடு தொடங்கிற்று. அண்ணல் நபி அவர்கள் அதனைச் செவியேற்றார்கள். தோழர்கள் அவர்களிடமிருந்து செவியேற்றார்கள். ஏட்டில் தொகுக்கப்பெற்றது பின்னர். இன்றும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நடைபெறும் ஓதும் பள்ளியில் பிள்ளை தன் பாடத்தை உசுத்தாதின் முன் அமர்ந்து ஓதிக் காட்ட வேண்டும். ஆசிரியர் ஓதக் கேட்டு மாணவன் ஓதுவதும், மாணவன் ஓத ஆசிரியர் கேட்டுத் திருத்துவதும் அம்முறையின் உயிர். தச்வீது என்னும் ஓதல் இலக்கணத்தை நூலை மட்டும் பார்த்துக் கற்றவர் எவரும் இலர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அவ்வாறே கூட்டத்தில் ஒருவர் பாட, ஒருவர் உரை சொல்ல, ஊரார் கேட்டு இன்புற்ற காப்பியமன்றோ!

ஓதும் பள்ளியில் சிறுவன் அரபு மொழியின் ஒலியைத் தெளிவாகக் கற்கிறான்; பொருளைப் பின்னரே அறிகிறான். அதே சிறுவன் பகற்பள்ளியில் ஆங்கிலத்தின் பொருளை மனப்பாடம் செய்கிறான். ஒலியை அறிவதே இல்லை. முன்னதில் உள்ள குறையை நாம் அடிக்கடி பேசுகிறோம். பின்னதில் உள்ள குறையைப் பேசுவோர் அரியர்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கே உரிய ஒரு பெருமையையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். 1991 ஆம் ஆண்டு தொடங்கி அங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கம் எழுத்தறியாத பெண்களை எழுத்தறிவிக்கப் பாடலையும் வீதி நாடகத்தையும் முதற் கருவிகளாகக் கொண்டது. செவியில் விழுந்த பாட்டே அவர்களைக் கரும்பலகை முன் அழைத்து வந்தது. கல்குவாரிகளில் பாடுபட்ட பெண்கள் கையொப்பமிடவும், கணக்குப் பார்க்கவும், மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்ட காலம் அது. அத்தாய்மாருக்கு ஒலியிலிருந்து எழுத்துக்கு வழிகாட்டிய மாவட்டத்தில், அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒலியில்லாத எழுத்தோடு நிறுத்தப்படுவது முறையாகுமா?

நம் தேர்வு அளப்பது எது?

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978 இல் தொடங்கிற்று. நெடுங்காலம் ஆங்கிலத்துக்கு இரு தாள்களும் 200 மதிப்பெண்களும் இருந்தன. பின்னர் நடைபெற்ற சீர்திருத்தத்தில் மொத்தம் 600 மதிப்பெண் என்றும், பாடத்துக்கு 100 என்றும், மொழிக்கு ஒரே தாள் என்றும் ஆயிற்று. அந்த நூற்றில் 90 எழுத்துத் தேர்வுக்கும் 10 அகமதிப்பீட்டுக்கும் உரியன. எழுத்துத் தேர்வின் வினாத்தாளில் செவியால் கேட்டு விடையளிக்கும் பகுதி எதுவும் இல்லை.

பாடநூலாசிரியர் இதனை மறந்தனர் என்று கூறுதற்கில்லை. 2018 முதல் வெளிவந்த புதிய ஆங்கிலப் பாடநூல்களில் கேட்டல் பயிற்சிகள் இடம்பெற்றுள்ளன; கைபேசியில் காட்டினால் ஒலியும் காட்சியும் தரும் குறியீட்டுக் கட்டங்களும் அச்சிடப்பட்டுள்ளன. நூல் அழகாகவே உள்ளது. ஆயினும் மதிப்பெண் இல்லாத பக்கத்தை யார் புரட்டுவர்? ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே அவரும் அளக்கப்படுகிறார். தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பறை கற்பிக்கும். எதைக் கேட்கவில்லையோ அது எத்துணைச் சிறந்ததாயினும் புறந்தள்ளப்படும். இது தேர்வின் இயல்பு.

கேட்டல் இல்லை; வாசித்தலாவது உண்மையாக அளக்கப்படுகிறதா என்றால் அதுவும் ஐயத்துக்கு இடமானதே. வினாத்தாளில் பாடநூலுக்கு வெளியேயிருந்து ஒரு பத்தி வருவது உண்டு. எனினும் பெரும்பாலான மதிப்பெண்கள் பாடநூலில் உள்ள பாடங்களையும் செய்யுட்களையும் பற்றிய வினாக்களுக்கே உரியன. அவற்றுக்குரிய விடைகள் உரைநூல்களில் ஆயத்தமாக உள்ளன. மாணவர் விடையை நெட்டுருப்போட்டு எழுதுகிறார். மூலத்தை வாசிப்பதே இல்லை. ஆகவே ஒருவர் உயர்ந்த மதிப்பெண் பெற்றும், பேருந்து நிலையத்து ஆங்கில அறிவிப்பைக் கேட்டறியாதவராகவும், செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசித்தறியாதவராகவும் இருத்தல் கூடும். மதிப்பெண் பொய்யன்று, அது அளந்த பொருள்தான் வேறு.

சீனம் காட்டும் வழி

ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகவோ வீட்டுமொழியாகவோ கொள்ளாத நாடு சீனம். அங்கு மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணவர் காவுகாவ் எனப்படும் நாடளாவிய தேர்வை ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் எழுதுகின்றனர். 1952 இல் தோன்றி, பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நிறுத்தப்பட்டு, 1977 இல் மீண்டும் உயிர்பெற்ற தேர்வு அது. 2024 ஆம் ஆண்டில் அதற்குப் பதிவு செய்தோர் 1 கோடியே 34 இலட்சம் பேர்.

அத்தேர்வில் ஆங்கிலத்துக்குரியவை 150 மதிப்பெண்கள். தேசிய வினாத்தாளில் அவற்றுள் 30 கேட்டலுக்கும் 50 வாசித்தலுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பாதிக்கு மேற்பட்ட பங்கு இவ்விரு திறன்களுக்கே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கேட்டல் பகுதியில் 20 வினாக்கள். காலம் ஏறத்தாழ 20 நிமிடங்கள். முதலில் ஐந்து சிறு உரையாடல்கள் ஒருமுறை மட்டும் ஒலிக்கும். பின்னர்ச் சற்று நீண்ட உரையாடல்களும் தனியுரையும் இருமுறை ஒலிக்கும். கடையில் விலை கேட்டல், தொடர்வண்டி நேரம் அறிதல், நூலகத்தில் நூல் கேட்டல் போன்ற அன்றாட வாழ்க்கைச் சூழல்களே பொருள். தரப்பட்ட மூன்று விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து குறித்தல் வேண்டும். வாசித்தல் பகுதியில் வரும் பத்திகள் பாடநூலிலிருந்து எடுக்கப்படுவன அல்ல; மாணவர் முன்பு கண்டிராதவை. நெட்டுருவுக்கு அங்கு இடம் குறைவு.

இது ஒரே நாளில் நிகழ்ந்த மாற்றமன்று. ஆங்கிலத் தேர்வைப் புதுமுறையில் அமைக்கும் முயற்சி 1985 இல் குவாங்தோங் மாகாணத்தில் வெள்ளோட்டமாகத் தொடங்கப்பட்டது. கேட்டல் பகுதி 1999 முதல் சேர்க்கப்பட்டுப் படிப்படியாகப் பரவிற்று. இன்றும் எல்லா மாகாணங்களிலும் ஒரே முறை இல்லை. சில இடங்களில் கேட்டல் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகிறது. சில இடங்களில் கணிப்பொறி வழியாகப் பேச்சும் அளக்கப்படுகிறது. எழுத மட்டும் தெரிந்து, கேட்கவும் பேசவும் தெரியாத ஆங்கிலத்தை அந்நாட்டார் "ஊமை ஆங்கிலம்" என்று எள்ளிப் பேசுவர். அந்நோயை அவர்கள் நமக்கு முன்னரே கண்டறிந்தனர். மருந்தையும் தேடத் தொடங்கினர்.

அம்மருந்தால் நோய் முற்றும் தீர்ந்தது என்று நாம் கூறவரவில்லை. தேர்வை மாற்றியபின்னும் வகுப்பறைகள் மொழியைப் பயன்படுத்தக் கற்பிப்பதை விடத் தேர்வுக்குரிய உத்திகளைக் கற்பிப்பதிலேயே முனைந்தன என்பதைச் சீன ஆய்வாளர்களே எடுத்துக்காட்டியுள்ளனர். பழைய வினாக்களின் ஒலிப்பதிவுகளை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து விடைகளை ஊகிக்கப் பழக்குவதும் அங்கு உண்டு. ஆயினும் ஒன்றை மறுத்தல் இயலாது. ஊகிப்பதற்காகவேனும் அம்மாணவர் நாள்தோறும் ஆங்கிலத்தைச் செவியால் கேட்கின்றனர். நம் நார்த்தாமலைப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அண்டை நாடாகிய தென்கொரியாவில் ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 45 வினாக்களுள் 17 கேட்டலுக்கு உரியன. அப்பகுதி நடைபெறும் வேளையை ஒட்டி ஏறத்தாழ 35 நிமிடங்கள் நாடெங்கும் வானூர்திகள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. பிள்ளைகளின் செவிக்காக வானமே அமைதி காக்கும் நாடு அது.

எழும் ஐயங்கள்

ஆங்கிலத்துக்கு இத்துணைச் சிறப்பளித்தல் தமிழுக்குக் கேடாகாதா என்பது முதல் ஐயம். தமிழகம் 1968 இல் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமுமே போதும் என்று துணிந்தபின், அவ்விரண்டையும் செம்மையாகக் கற்பிக்கும் கடமை நமக்கு இரட்டிப்பாகிறது. மேலும், ஆங்கிலம் செவிக்கு எட்டாத மருட்சிப் பொருளாக இருக்கும்வரைதான் பெற்றோர் தமிழ்வழிக் கல்வியை அஞ்சி ஓடுவர். தமிழ்வழியில் பயின்ற பிள்ளையும் ஆங்கிலத்தைக் கேட்டறிய வல்லவன் என்பது மெய்ப்பிக்கப்படுமாயின், தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அதனினும் பெரிய பாதுகாப்பு வேறில்லை. இதனால்தான் தமிழ்த்துறையினராகிய நாம் இப்பொருளைப் பேசுகிறோம்.

நகர்ப்புற மாணவர் வீட்டிலேயே ஆங்கிலம் கேட்கின்றனர். நாட்டுப்புற மாணவர் கேட்பதில்லை. ஆகவே இத்தேர்வு ஏழைகளைத் தண்டிப்பதாகாதா என்பது இரண்டாவது ஐயம். இது நேர்மையான ஐயம், எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் தேர்வு இல்லாத இன்றைய நிலையில் ஏழை தண்டிக்கப்படவில்லையா? தண்டனை கல்லூரியிலும் நேர்காணலிலும் காத்திருக்கிறது. பள்ளியில் அது மறைக்கப்படுகிறது, அவ்வளவே. நகரத்துப் பிள்ளைக்கு வீடு கொடுப்பதை நாட்டுப்புறப் பிள்ளைக்குப் பள்ளிதான் கொடுக்க வேண்டும். பள்ளி அதனைக் கொடுக்க வேண்டுமாயின் தேர்வு அதனைக் கேட்க வேண்டும். பயிற்சி முன்னும் தேர்வு பின்னுமாக அமைந்தால் அநீதி நேராது.

மூன்றாவது, நடைமுறை பற்றியது. மின்தடை, இரைச்சல், கருவிப் பழுது ஆகியவை வந்தால் என் செய்வது என்பர். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினிகளுடன் கூடிய உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. செய்முறைத் தேர்வுகளைப் பிரிவு பிரிவாக நடத்திப் பழகியவை நம் பள்ளிகள். அவ்வாறே இதனையும் நடத்தலாம். இரைச்சலைப் பற்றியும் கவலை வேண்டா. பங்குனித் திங்களில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா நடைபெறும். பொதுத்தேர்வுக் காலமும் அதனையொட்டியே வரும். பிள்ளைகள் தேர்வெழுதுகின்றனர் என்று ஊராரிடம் ஒரு சொல் சொன்னால் இருபது நிமிடம் ஒலிபெருக்கியை நிறுத்தமாட்டார்களா? கோயில் விழாவாயினும் பள்ளிவாசல் நிகழ்ச்சியாயினும் நம் ஊர் மக்களின் பண்பு அதற்கு இடங்கொடுக்கும்.

செய்யத்தக்கன

இவற்றைக் கருதி நாம் முன்வைக்கும் கருத்துகள் பின்வருமாறு:

முதலாவது, மேல்நிலை ஆங்கிலத் தேர்வின் நூறு மதிப்பெண்களுள் இருபதேனும் கேட்டலுக்கு உரியவையாதல் வேண்டும். அம்மதிப்பெண்ணைப் பள்ளியளவில் வழங்காது, மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒலிப்பதிவைக் கொண்டு அளத்தல் வேண்டும். உள்ளூரில் வழங்கும் மதிப்பெண் எல்லோருக்கும் முழுமையாகவே கிடைத்துவிடும். எல்லோருக்கும் கிடைப்பது எதையும் அளப்பதில்லை.

இரண்டாவது, ஒலிப்பதிவில் பேசுவோர் நம் நாட்டவராக இருத்தல் வேண்டும். சென்னை ஆசிரியரும், கொல்கத்தா வணிகரும், தில்லி அலுவலரும் பேசும் ஆங்கிலமே நம் மாணவர் நாளை கேட்கப்போவது. ஒவ்வொரு பகுதியும் இருமுறை ஒலிக்க வேண்டும். வேகம் மிதமாக இருத்தல் வேண்டும். பொருள் மருத்துவமனை அறிவிப்பு, வங்கி உரையாடல், வகுப்பறை விரிவுரை என வாழ்க்கையை ஒட்டியதாக அமைதல் வேண்டும்.

மூன்றாவது, வாசித்தலுக்குரிய பத்திகள் பாடநூலில் இல்லாதவையாக இருத்தல் வேண்டும். மருந்துக் குப்பியின் குறிப்பு, வேலை விளம்பரம், செய்திப் பத்தி, எளிய அறிவியல் கட்டுரை ஆகியவற்றை முதன்முறையாகக் கண்டு பொருள் கொள்ளும் ஆற்றலே வாசித்தல் ஆகும்.

நான்காவது, முதலிரண்டு ஆண்டுகள் இம்மதிப்பெண் தேர்ச்சியைப் பாதிக்காதவாறு வெள்ளோட்டமாக நடத்துதல் வேண்டும். அக்காலத்தில் ஆசிரியருக்குப் பயிற்சியளித்து, ஒவ்வொரு பள்ளியிலும் வாரம் ஒரு பாடவேளையைக் கேட்டலுக்கு ஒதுக்குதல் வேண்டும். செவித்திறன் குறைந்த மாணவருக்கு மாற்று வினாத்தாள் வழங்குதல் இன்றியமையாதது.

ஐந்தாவது, இதே முறையைத் தமிழுக்கும் கொண்டுவருதல் வேண்டும். நல்ல தமிழுரையை அரைமணி கேட்டு, அதன் சாரத்தை நான்கு வரியில் எழுத வல்ல மாணவர் இன்று எத்தனை பேர்? கேள்வியைச் செல்வமெனப் போற்றிய மொழியில் கேட்டலுக்கு மதிப்பெண் இல்லாதது நமக்கும் குறையே.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் கேட்டல், பேசுதல் திறன்களுக்கான மதிப்பீட்டைத் தன் பள்ளிகளில் முன்னரே புகுத்தியுள்ளது. அப்பள்ளிகளில் பயில்வோர் பெரும்பாலும் வசதியுடைய வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைத்தது நம் அரசுப்பள்ளி மாணவருக்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நிறைவாக

நார்த்தாமலையிலிருந்து திரும்பும் வழியில் குடுமியான்மலைக்கும் சென்றோம். அங்குக் குடைவரையை அடுத்த பாறைச் சுவரில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டது. மாணாக்கர் நலன் கருதி அமைத்ததாக அதிலேயே குறிப்பு உள்ளது. சுர வரிசைகள் பாறையில் ஒழுங்காக நிற்கின்றன. ஒவ்வொரு சுரமும் உயிரொலி மாறி நான்கு வடிவங்களில் வருகிறது. அவ்வேறுபாடு எதனைக் குறிக்கிறது என்பதில் இன்றுவரை அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. எழுத்து அழியவில்லை; ஒன்றுகூடச் சிதையாத வரிகள் பல உள்ளன. அழிந்தது ஒலி. ஆசிரியன் பாட மாணாக்கன் கேட்ட தொடர்பு எங்கோ அறுந்தது. அதன்பின் கண்முன்னே எழுத்து இருந்தும் அவ்விசையை மீட்டுப் பாடுவார் இலர்.

மாணாக்கர் நலனுக்கென வெட்டிய எழுத்து, கேட்கும் செவியின்றி ஊமையாக நிற்பதை அப்பாறையின் முன் நின்று பார்த்தோம். "எழுதினால் தெரிகிறது, பேசினால் ஓடிவிடுகிறது" என்ற மாணவரின் சொல் அப்போது நம் நினைவுக்கு வந்தது. அவர் கையில் உள்ள ஆங்கிலப் பாடநூலும் மாணாக்கர் நலனுக்கென ஆக்கப்பட்டதே. அது இன்னொரு குடுமியான்மலைக் கல்வெட்டாக ஆகிவிடாமல் காப்பது கல்வியாளர் கடமை, ஆள்வோர் கடமை, அவருக்குப் பின் வரும் தம்பி தங்கையரை எண்ணினால் நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.